34 கிராம் வித்தியாசத்தில் ஏறும் புகை

ஊட்டியில் புது வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூடத்தில் இரும்பு விறகு ஸ்டவ் வைக்கப் போகிறோம். பின்சுவரில் துளை போட்டுக் குழாயை வெளியே விட்டால் போதும் என்கிறார் கொத்தனார். கூரை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டுமா?"

ஆமாம், கூரை வழியாகத்தான்.

சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது தானாக ஏறுவதில்லை. வெளியே இருக்கும் கனமான குளிர்காற்று ஸ்டவ்வுக்குள் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. 15 செ.மீ. விட்டம், 5 மீட்டர் உயரம் உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். வெளியே 10 டிகிரி, குழாய்க்குள் சராசரியாக 200 டிகிரி. ஊட்டி உயரத்தில் அந்தக் குழாய் கொள்ளுமளவு குளிர்காற்றின் எடை சுமார் 84 கிராம். அதே இடத்தை நிரப்பும் சூடான புகை 50 கிராம்தான். மொத்தப் புகையும் வெளியேறுவது அந்த 34 கிராம் வித்தியாசத்தால்! அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது, மின்சாரம் கிடையாது. தீ வலுத்தால் வித்தியாசம் கூடும், காற்று அதிகம் வரும், தீ இன்னும் வலுக்கும். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கடல் மட்டத்தில் இதே குழாய்க்கு 44 கிராம் வித்தியாசம் கிடைக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றே லேசு. அதே தள்ளல் வேண்டுமென்றால் குழாய் ஏறக்குறைய ஆறரை மீட்டர் இருக்க வேண்டும்.

சரி, சுவர் வழியாக விட்டால் என்ன? வளைவுகள் தள்ளலைத் தின்றுவிடும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் குழாய் பனியில் குளிர்ந்துபோகும். புகையின் சூடு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நீராவியோடு தாரும் குழாயின் உள்சுவரில் படியும். ஈர விறகு எரித்தால் இன்னும் மோசம். என்றாவது அந்தத் தார் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும்.

அதனால் குழாய் வீட்டுக்குள்ளேயே நேராக ஏறி, கூரை முகட்டுக்குப் பக்கத்தில் வெளியே வரட்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மேலே, நடுவில் வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போடுங்கள். முனை, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயர்ந்தும் இருக்க வேண்டும். குழாயின் விட்டம், ஸ்டவ்வில் புகை வெளியேறும் வாயின் அளவுதான். அகலம் கூடினால் புகை மெதுவாகிக் குளிரும்.

அப்புறம், வாஸ்துப்படி ஸ்டவ்வை அக்னி மூலைக்குத் தள்ளச் சொல்வார்கள். கேட்காதீர்கள். தென்கிழக்கு மூலை என்றால் பெரும்பாலும் கூரையின் தாழ்ந்த ஓரம். அங்கே குழாய் முகட்டைத் தாண்ட வெளியே நெடுந்தூரம் குளிரில் நிற்க வேண்டும். காற்றின் எடைக்குத் திசை தெரியாது.

இன்னொன்று. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலை இறுக்கி அடைத்து, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டால், அது அந்த 34 கிராமைத் தோற்கடித்துப் புகையைக் கூடத்துக்கே இழுத்துவிடும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ இல்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஸ்டவ்வுக்கென்று வெளிக்காற்றுக் குழாய் ஒன்றைத் தரை போடும்போதே பதித்துவிடுங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள்.