பட்டினி கிடந்தாலும் குறையாத சர்க்கரை எண்

வெறும் வயிற்றில் சர்க்கரை 104, கடந்த சில மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.2. முதலாவது கிட்டத்தட்ட இயல்பு, இரண்டாவது நீரிழிவு அளவு. ஒரே ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் வந்துவிட்டால், "லேபில் எதையோ மாற்றிவிட்டார்கள்" என்று சந்தேகப்படுபவர்கள் நிறைய. டெஸ்ட்டுக்கு முன் நாலைந்து நாள் இனிப்பையே தொடவில்லை என்பார்கள். அது உண்மையாகத்தான் இருக்கும். இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். மருத்துவ உயிர்வேதியியல் துறையில் இருப்பதால் அடிக்கடி இதை விளக்க வேண்டியிருக்கிறது.

மாவுச்சத்துக்கு ஒரு பாடம், புரதத்துக்கு ஒரு பாடம் என்று பள்ளியில் பிரித்துப் படித்தோம். உடலுக்குள் அந்தப் பிரிவினை கிடையாது, எல்லாம் ஒரே நீரில்தான் கலந்திருக்கின்றன. குளுக்கோஸில் 6 கார்பன் அணுக்கள். நீரில் இருக்கும்போது அது பெரும்பாலும் வளையமாக மூடிக்கொண்டிருக்கும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான மூலக்கூறுகளே எந்த நேரத்திலும் வளையம் திறந்து சங்கிலியாக இருக்கும். அப்படித் திறந்ததன் நுனியில் இருக்கும் ஆல்டிகைடு தொகுதி, பக்கத்தில் உள்ள புரதத்தின் அமினோ தொகுதியோடு சேர்ந்துகொள்ளும். இதற்கு நொதி எதுவும் வேண்டாம், குளுக்கோஸும் நேரமும் இருந்தால் போதும். முதலில் உண்டாகும் பிணைப்பு தளர்வானது, திரும்பப் பிரிந்துவிடலாம். பிரியாமல் இருந்தால் அணுக்கள் இடம் மாறி நிலைத்துவிடும். அப்புறம் அந்தப் புரதம் அழியும்வரை சர்க்கரை அதிலேயே இருக்கும்.

இது நம் எல்லோர் உடலிலும் நடப்பதுதான். ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக நடக்கும்.

ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் புரதமான ஹீமோகுளோபினில் 4 புரதச் சங்கிலிகள்: ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வாலினில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் அதுதான் ஹெச்பிஏ1சி. மொத்த ஹீமோகுளோபினில் அது எத்தனை சதவீதம் என்பதையே ரிப்போர்ட்டில் பார்க்கிறீர்கள். 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு என்று கணக்கு. சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை, அதனால் வெளியே இருக்கும் அளவுதான் உள்ளேயும் தெரியும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நாலைந்து நாள் கட்டுப்பாடு இதில் ஏதும் செய்யாததற்குக் காரணம் இதுதான். அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறும் தேவையில்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கு மட்டும் மற்ற மாதங்களைவிடக் கூடுதல், ஏறக்குறைய பாதி.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஹீமோகுளோபின் அல்ல. சிவப்பணுவாவது நான்கு மாதத்தில் மாறிவிடும். கண் லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் பிறந்ததிலிருந்து மாற்றப்படுவதே இல்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் கொலாஜனும் பல வருடம் அப்படியே இருக்கும். அவற்றில் ஒட்டிய சர்க்கரை மேலும் மாற்றமடைந்து, பக்கத்துப் பக்கத்துப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடுகிறது. நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும் வழிகளில் இது முக்கியமான ஒன்று. வலியோ அறிகுறியோ இல்லாமல் நடப்பதால்தான், "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

சரி, இந்த எண்ணை எப்போதும் நம்பலாமா? இல்லை. சிவப்பணுவின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். சமீபத்தில் ரத்தம் நிறைய இழந்தவர்கள், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்கள் உடலில் இளம் அணுக்களே அதிகம், எனவே எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகையில் பெரும்பாலும் பொய்யாகக் கூடும். கர்ப்ப காலத்திலும், ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகும், பிறவியிலேயே ஹீமோகுளோபின் மாறுபட்டிருந்தாலும் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால், ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டெஸ்ட் ட்யூபைப் பார்த்து எங்களால் அதையெல்லாம் கண்டுபிடிக்க இயலாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ரக்டோசமைன் என்ற டெஸ்ட் இருக்கிறது. ஆல்புமின் முதலான ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அது அளக்கும், கடந்த இரண்டு மூன்று வார நிலவரம் தெரியும். ஆல்புமினே மிகவும் குறைந்துபோனவர்களுக்கு மட்டும் அதுவும் சரிவராது.