மாடுலர் கட்டுமானம்: எரிக்கப்படும் கட்டடத்தை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

சமையலறை அலமாரி முதல் மருத்துவமனைக் கட்டடம் வரை பலவற்றுக்கும் இன்று ‘மாடுலர்’ என்ற அடைமொழி சேர்ந்துவிடுகிறது. ஆலையில் செய்து எடுத்துவரப்படுவது எதுவாயினும் அது மாடுலர்தான் என்று பலர் கருதுகின்றனர். அது பாதிப் பொருளே. தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சிக்கூடத்தை இம்முறையில் எழுப்புவதை எடுத்துக்கொண்டால் மீதிப் பாதியும் விளங்கும். ஏனெனில், அது திரும்பத் திரும்ப எரிப்பதற்கென்றே கட்டப்படும் கட்டடம்.

இலத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதன் குறுமை வடிவமான ‘மோடுலுஸ்’ என்பது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ் இதைக் கலைச்சொல்லாகவே ஆண்டிருக்கிறார். டோரிக் எனப்படும் பண்டைய கிரேக்கப் பாணிக் கோயிலில் தூணின் தடிமன் இரண்டு மோடுலுஸ், தலைப்பு உட்பட அதன் உயரம் பதினான்கு என்று அவர் வகுக்கிறார். அங்கே அச்சொல் ஒரு பொருளைக் குறிக்கவில்லை. மற்ற உறுப்புகளையெல்லாம் எதனால் அளக்கிறோமோ அந்த அடிப்படை அளவைக் குறித்தது. நாம் அன்றாடம் சொல்லும் ‘மாடல்’, பட்டறைகளில் புழங்கும் ‘மோல்டு’ ஆகியவையும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. அளவைக் குறித்த சொல், அந்த அளவுக்கு ஏற்பச் செய்யப்பட்ட பொருளைக் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். கட்டுமானத் துறை பழைய பொருளையும் கைவிட்டுவிடவில்லை: கட்டட அளவுகளை ஒருங்கிணைப்பதற்கான பன்னாட்டுத் தரம் 100 மில்லிமீட்டரை அடிப்படை மாட்யூலாகக் கொள்கிறது.

தமிழிலும் ‘மட்டு’ என்றால் அளவுதான். ‘மட்டில்லா மகிழ்ச்சி’ என்கிறோம், பொருளின் மீள்தன்மையை அளக்கும் ‘யங்ஸ் மாடுலஸ்’ என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் ‘யங்கின் மட்டு’ என்ற வழக்கும் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ‘மட்டு’, ‘மோடுலுஸ்’ இரண்டையும் ஒரே வேரில் கட்டுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

மாடுலர் கட்டுமானத்தை முன்வார்ப்புக் கட்டுமானத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். தூண், உத்திரம், சுவர்ப்பலகை ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்துக் கொண்டுவந்து களத்தில் பொருத்துவது முன்வார்ப்பு. தரை, சுவர், கூரை ஆகியவற்றோடு ஓர் அறையே முழுதாக ஆலையில் உருவாகி, லாரியில் வந்து, கிரேனால் தூக்கி அடுக்கப்பட்டு, போல்ட்டுகளால் பிணைக்கப்படுவது மாடுலர். ஒவ்வொரு அறையும் தன்னளவில் முழுமையானது, அண்டை அறையோடு அளவில் இசைந்தது, வேண்டும்போது கழற்றத்தக்கது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெயர் பொருந்தாது என்பது என் கருத்து.

பயிற்சிக்கூடங்களில் இதற்குப் பெரிதும் பயன்படுவது எஃகுச் சரக்குக் கன்டெய்னர். அறைக்குள் தீ வளர்ந்து, எரியக்கூடிய பரப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலை எப்படி வருகிறது என்பதை வீரர்களுக்குக் கண்முன் காட்டுவதற்காக, 1980களில் ஸ்வீடனில் கன்டெய்னர்களை இவ்வாறு பயன்படுத்தத் தொடங்கினர். அவ்வகை அமைப்பில் தீ மூட்டும் பகுதியின் தரை உயர்த்தப்பட்டிருக்கும்; வீரர்கள் தாழ்ந்த பகுதியில் குனிந்து அமர்ந்து, தலைக்கு மேலே புகைப்படலம் உருண்டு வருவதைப் பார்ப்பார்கள்.

கன்டெய்னர் ஆயத்தமான கட்டடம் அன்று; வாங்கி அடுக்கினால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது சுமை நான்கு மூலைத்தூண்கள் வழியாகவே இறங்குகிறது. ஆனால் பக்கவாட்டு நெளிதகடுதான் பெட்டியின் விறைப்பைக் காக்கிறது. அதில் கதவுக்கோ சன்னலுக்கோ வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் வெல்டிங் செய்தே தீர வேண்டும். கூரையும் மெல்லியது: பன்னாட்டுத் தரச் சோதனையில் அதன்மேல் 600 × 300 மில்லிமீட்டர் பரப்பில் வைக்கப்படும் சுமை 300 கிலோகிராம்தான். கூரையைப் பிளந்து புகை வெளியேற்றும் பயிற்சிக்கு அதன்மேல் தனித் தளம் அமைக்க வேண்டியிருக்கும். பெட்டியோடு வரும் ஒட்டுப்பலகைத் தரையையும் தீ மூட்டுமுன் பெயர்த்தெடுத்துவிட வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு இன்னொன்று. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள கன்டெய்னரின் எஃகு 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் அதன் நீளம் சுமார் 22 மில்லிமீட்டர் கூடும். அண்டைப் பெட்டியோடு அசையாதபடி இறுக்கிவிட்டால் அந்த நீட்சி வெல்டிங் இணைப்புகளைப் பிளக்கும். எனவே பெட்டி நீள இடம்தரும்படி போல்ட்டுத் துளைகள் நீளவாக்கில் விடப்படுகின்றன. உள்ளே, வெப்பத்தைத் தடுக்கும் காப்புத் தகடுகள் தனியே பொருத்தப்படுகின்றன. அவை கருகினால் அவை மட்டும் மாறும். எரியறையே உருக்குலைந்தால் அந்த ஒரு பெட்டி மட்டும் மாறும். படிக்கட்டுக் கோபுரமும் வகுப்பறையும் அப்படியே நிற்கும். கான்கிரீட்டால் கட்டிய எரியறையில் நுண்துளைகளில் தங்கிய ஈரம் ஆவியாகிப் பரப்பைச் சிதறடிக்கும்போது, சீரமைப்பு இவ்வளவு எளிதாக முடிவதில்லை.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தொகுதி’ என்பாருண்டு, அது பலவற்றின் சேர்க்கை, மாட்யூலோ சேர்க்கையின் உறுப்பு. ‘அலகு’ அளவை உணர்த்தும். ஆனால் அதில் கழற்றி மாட்டும் பொருள் இல்லை. ‘கட்டகம்’ கல்வித்துறையில் வேரூன்றிவிட்ட நல்ல சொல்தான்; ஆயினும் நம் எடுத்துக்காட்டுக்கு அதுவே இடைஞ்சல். ‘தீயணைப்புப் பயிற்சிக் கட்டகம்’ என்று எழுதினால், படிப்பவர் பாடக் கையேட்டைத்தான் நினைப்பார். எஃகுப் பெட்டியை நினைக்கமாட்டார்.

எஞ்சுவது ‘கூறு’. முழுமையின் பகுதி என்பதோடு, ‘கூறுகட்டி வைத்தான்’ என்னும்போது ஒத்த அளவில் பிரித்த பங்கு என்ற பொருளும் அதில் இருக்கிறது; மோடுலுஸின் அளவுப் பொருளை அது தொட்டுவிடுகிறது. கணினித் துறையில், நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதும் முறைக்குக் ‘கூறுநிலை நிரலாக்கம்’ என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு. ஆகவே முறையைக் ‘கூறுநிலைக் கட்டுமானம்’ என்றும், தனி அறைப்பெட்டியைக் ‘கட்டடக் கூறு’ என்றும் எழுதலாம். பயிற்சிக்கூடத்தின் வரைபடத்தில் ‘எரியறைக் கூறு’, ‘புகையறைக் கூறு’, ‘படிக்கட்டுக் கூறு’ என்று பெயரிட்டால் குழப்பம் வராது. காப்புத் தகட்டை மட்டும் கூறு எனக் குறிக்கக் கூடாது. அது தன்னளவில் அறை ஆகாது.