மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் எப்படிக் கேட்கிறது?

ஒரு பவுனில் மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்றையும், ஒரு கிராம் மோதிரம் ஒன்றையும் மரப்பலகையில் தள்ளித் தள்ளி வைத்து, மெட்டல் டிடெக்டரின் வட்டத் தலையை மேலே ஓட்டிப் பாருங்கள். மோதிரம் கணீரென்று கேட்கும். சங்கிலி முனகும்; பல சமயம் அதன் கொக்கி மட்டும்தான் கேட்கும். எடையில் எட்டு மடங்கு இருந்தும் மோதிரத்திடம் தோற்றுப்போகிறது. பொற்கட்டி தேடப் போகிறவர் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான். சாதாரண டிடெக்டர் தங்கத்தை எங்கே பிடிக்கும், எங்கே கோட்டை விடும் என்பது முழுக்க இதற்குள் இருக்கிறது.

தலைக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டதும் உலோகத்துக்குள் மின்னோட்டம் வட்டமடிக்கத் தொடங்கும். பள்ளிப் பாடத்தில் வரும் சுழல் மின்னோட்டம்தான். அந்தச் சுழலுக்கும் சொந்தமாக ஒரு சின்னக் காந்தப்புலம் பிறக்கும். இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. ஆக, கருவிக்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. மின்சாரம் வட்டமிட எவ்வளவு அகலமான பாதை இருக்கிறது, தூண்டுதல் நின்றபின் சுழல் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மோதிரம் முழு வட்டப் பாதை. சங்கிலியின் கண்ணிகளோ ஒன்றையொன்று புள்ளியளவில் தொடுகின்றன. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாகச் சின்னச் சின்னச் சுழல்கள். அவை சேர்ந்து ஒரு பெரிய சுழல் ஆவதில்லை.

அதே காரணத்தால், ஆற்று மணலில் தூளாகக் கலந்த பொன் ஒரு கிராமே இருந்தாலும் டிடெக்டர் மௌனம்தான். அதற்குப் பழைய அரிப்புச் சட்டிதான் கதி. நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அலசிப் பொன் எடுக்கும் அரிப்புக்காரர்கள் நம்பியிருப்பது மின்சாரத்தை அல்ல, எடையை. தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளை மணலின் அடர்த்தி 2.65. தண்ணீர் சுழலச் சுழல லேசானது வெளியேறி, கனமானது சட்டியின் அடியில் தங்கிவிடும்.

கட்டியாக இருந்தால் டிடெக்டருக்கு வேலை உண்டு, ஆனால் அளவைப் பொறுத்து. தூய தங்கத்தில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு, அதாவது பருத்த கடுகு அளவு, ஏறத்தாழ 0.08 கிராம் எடை இருக்கும். அதற்குள் சுழல் அடங்கும் கால அளவு 5 மைக்ரோ நொடி. ஒரு கிராம் குண்டின் விட்டம் 4.6 மில்லிமீட்டர், அதில் 28 மைக்ரோ நொடி. கருவியின் அலைவெண் இந்தக் காலத்தோடு ஒத்துப்போகும்போதுதான் பதில் நன்றாக வரும். கணக்குப் போட்டால் ஒரு கிராம் குண்டுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு ஆறாயிரம் அலை) அருகில், கடுகுக்கு 30 கிலோஹெர்ட்ஸ் அருகில் வருகிறது. இயற்கைப் பொற்கட்டியில் வெள்ளி கலந்திருக்கும், ஓட்டையும் முண்டும் முடிச்சுமாக இருக்கும். சுழல் இன்னும் சீக்கிரம் அடங்கும், தேவைப்படும் அலைவெண் இன்னும் மேலே போகும்.

பொதுப் பயன்பாட்டுக் கருவிகள் நாணயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கேரட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 250 இயங்குவது 6.5 கிலோஹெர்ட்ஸில். தங்கத்துக்கென்றே வந்த மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 வேலை செய்வது 45-இல், ஃபிஷர் கோல்ட் பக் 2 வேலை செய்வது 71-இல். முதல் வகையைக் கையில் வைத்துக்கொண்டு கடுகளவு பொன்னைத் தேடுவது வீண். அரை கிராமுக்கு மேற்பட்ட கட்டி என்றால் நியாயமான நம்பிக்கை வைக்கலாம்.

ஆழத்தைப் பற்றி விளம்பரத்தில் சொல்வது பெரிய நாணயத்துக்கான கணக்கு. சிறு துகள் விஷயத்தில், விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்குதான் ஆகும். சத்தமோ 32-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். தலையின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில் ஆழம் இரு மடங்கானால் 64-இல் ஒரு பங்கு. அதனால் சிறு பொன்னைத் தேடும்போது ஒவ்வொரு சென்டிமீட்டரும் காசு. தலையை மண்ணிலிருந்து ஒரு விரற்கடைக்கு மேல் தூக்கக் கூடாது. தலையை இடம் வலமாக ஓட்டும் வீச்சின் இரு முனையிலும் அது தன்னாலே மேலே எழும்பும். அந்த இடங்களில்தான் பலரும் கட்டியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலத்தைக் கடக்க இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு, முந்தின வீச்சின் பாதியை மூடியபடி அடுத்த வீச்சைப் போட வேண்டும். பெரிய தலையைக் கழற்றிவிட்டு 5 அல்லது 6 அங்குலத் தலை மாட்டினால் ஆழம் குறையும், சிறு துகள் தெளிவாகும். காதில் ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். காற்று வீசும் ஆற்றங்கரையில் ஸ்பீக்கர் சத்தத்தை நம்ப முடியாது.

அடுத்தது டிஸ்கிரிமினேஷன். ஆணியையும் ஈயத்தாளையும் ஒதுக்கித் தரும் வசதி இது. நாணயம் தேடுபவருக்கு வரம், பொன் தேடுபவருக்குச் சாபம். சிறு பொன்னும் மாத்திரை அட்டைத் துண்டும் சுழலை ஒரே வேகத்தில் இழப்பவை. திரையில் இரண்டுக்கும் ஒரே எண் வரும். இரும்புச் சத்துள்ள மண்ணில் புதைந்த சிறு பொன் இரும்பு என்றே காட்டப்படுவதும் உண்டு. அட்டையை ஒதுக்கச் சொன்னால் பொன்னையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல் மெட்டல் நிலையில் வைத்து, மெல்லிய ரீங்காரம் காதில் எப்போதும் இருக்கும்படி விட்டு, அந்த ரீங்காரம் லேசாகத் தடுமாறும் இடத்தையெல்லாம் தோண்டுவது ஒன்றே வழி. நூறு குப்பை எடுக்கத் தயாராக இல்லாதவருக்கு ஒரு பொன் அகப்படாது.

சோதனைக்குத் தங்கம் வேண்டியதில்லை. வீச்சுவலை அடியில் கோக்கும் ஈயக்குண்டு போதும். ஈயம் இயற்கைப் பொற்கட்டியைப் போலவே பதில் தரும். அரை கிராம், கால் கிராம் என்று நறுக்கி ஐஸ் குச்சியில் பசை வைத்து ஒட்டுங்கள். பழைய ஏடிஎம் கார்டில் ஒட்டினால் அதன் சிப்பும் உள்ளே ஓடும் கம்பியும் ஈயத்துக்கு முன்னால் கத்தும். குச்சியை 2, 4, 6 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, எந்த ஆழத்தில் சத்தம் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கருவியின் உண்மையான எல்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காவிரி டெல்டாவைப் போல வசதியான ஊர் கிடைப்பது கடினம், ஏனென்றால் மூன்று விதமான மண் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிறது. கோடையில் வறண்டு கிடக்கும் கொள்ளிடத்தின் வெள்ளை மணல் கருவிக்குச் சாதுவானது; அங்கே தொடங்கலாம். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்புறாங்கல் மேடு நேர்மாறு. பொன் விளையும் பூமிகள் பலவும் இப்படித்தான் சிவந்து, இரும்பு மண்டிக் கிடக்கும். பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்கரையில் ஈரமும் உப்பும் சேர்ந்து மணலே மின்கடத்தியாகிவிடும். அலை இறங்கியபின் கோடு கோடாகத் தங்கும் கருமணலில் காந்தத் தன்மையுள்ள கனிமங்களும் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அந்தக் கோட்டில் இழுத்தால் பை முழுக்கக் கருப்பு மயிர் முளைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைப் பையிலிருந்து உருவி எடுத்துவிட்டு உதறினால் மொத்தமும் கொட்டிவிடும். உப்பும் காந்தமும் சேர்ந்த அந்த இடத்தில் ஒற்றை அலைவெண் கருவி தடுமாறும். ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கத்தும்.

சரிசெய்யும் அந்த வேலைக்குக் கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். உலோகம் இல்லாத ஓர் அடி இடத்தைத் தேர்ந்து, தலையை 30 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் வரை இறக்கி ஏற்றிக்கொண்டே இருங்கள். இறங்கும்போது ரீங்காரம் ஏறினாலோ அமுங்கினாலோ குமிழை ஒரு பக்கம் திருப்புங்கள். மோசமானால் மறு பக்கம். இறக்கி ஏற்றினாலும் ஒலி மாறாத புள்ளியில் நிறுத்தி, அங்கிருந்து, இறங்கும்போது மிக லேசாக ஒலி கூடும் அளவுக்கு ஒரு துளி நகர்த்திவைத்தால் சிறு பொன்னுக்குச் சாதகம். செம்மண்ணில் பத்து இருபது அடிக்கு ஒருமுறை, மண்ணின் நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் மறுபடி செய்ய வேண்டும். இந்தக் குமிழே இல்லாமல் தொழிற்சாலையில் பூட்டிவிட்ட மாடல்களில் ஒரே வழி சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனைக் குறைப்பது. கத்தும் மண்ணில் சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றி வைப்பவர் ஆழத்தைக் கூட்டவில்லை, இரைச்சலைத்தான் கூட்டுகிறார். வயலோரம் போர்வெல் மோட்டார் ஓடினாலும், மேலே ஈபி லைன் போனாலும், சட்டைப்பையில் செல்போன் இருந்தாலும் இதே இரைச்சல் வரும்.

சரி, காவிரி மணலிலேயே பொற்கட்டி கிடைக்குமா? கிடைக்காது. பொற்கட்டி தன் தாய்ப்பாறையை விட்டு வெகுதூரம் போவதில்லை. கனம் காரணமாக, பாறைத் தளத்தின் பிளவிலோ ஆற்று வளைவின் உள்பக்கச் சரளையிலோ உட்கார்ந்துவிடும். தூள்தான் பயணம் போகும். முக்கொம்புக்குக் கீழே காவிரி கொண்டுவருவது மணலும் வண்டலும். 1934 முதல் மேட்டூர் அணை வேறு சரளையைத் தடுத்துக்கொள்கிறது. இங்கே பாறைத் தளத்தைத் தேடிப் போனால் பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் இறங்க வேண்டும். நாகை மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதே அந்தப் படிவு அடுக்குகளிலிருந்துதான். பக்கத்தில் பேர்பெற்ற இரண்டு பொன் வயல்களின் தண்ணீரும் காவிரிக்கு வருவதில்லை. 2001-இல் மூடிய கோலார் சுரங்கப் பகுதி பாலாற்றுப் பக்கம். 1880 வாக்கில் பொன் வேட்டை நடந்த நீலகிரியின் தேவாலா, பந்தலூர் ஓடைகள் சாலியாறாக மேற்கே போகின்றன. பொன்னி என்ற பெயர் நெல்லுக்குப் பொருந்துவதுபோல் டிடெக்டருக்குப் பொருந்தாது.

படித்துறையோரம் கிடைப்பவை மனிதர் தொலைத்தவை: மூக்குத்தித் திருகாணி, மெட்டி, தாலிக்குண்டு, காசு. இவற்றைத் தேடும் முன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது. சோழர் காலத்துச் செப்புக்காசு ஒன்றைக் குழியிலிருந்து பிடுங்கி எடுத்தால், அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துபோகும். அது தங்கத்தைவிடப் பெரிய நஷ்டம்.

தோண்டும் கட்டத்தில் பொறுமை இல்லாதவர்கள் கைக்கு வந்ததையே தொலைக்கிறார்கள். சத்தம் வந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வீசி, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். மேல்மண்ணைக் காலால் சுரண்டிவிட்டு மறுபடி வீசுங்கள். சத்தம் போய்விட்டால் அது பெரும்பாலும் மேலே கிடந்த குப்பை. செம்புறாங்கல் சில்லு என்றால், சத்தம் அகலமாகப் பரவி, தலையைக் கொஞ்சம் தூக்கியதும் காணாமல் போகும். காந்தத்தைக் காட்டினால் பெரும்பாலும் ஒட்டும். சத்தம் கூர்மையாக அதே இடத்தில் நின்றால், பிளாஸ்டிக் கரண்டியால் மண்ணை அள்ளுங்கள். இரும்புக் கொத்து பக்கத்தில் வரக்கூடாது, கையில் மோதிரமும் வெள்ளிக் காப்பும் இருக்கக்கூடாது. குழியில் சத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, கரண்டி மண்ணை டிடெக்டர் தலைக்கு மேலே ஆட்டுங்கள். கேட்டால் பாதியைக் கையில் கொட்டி அந்தக் கையை மட்டும் ஆட்டுங்கள். கேட்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஐந்தாறு தடவையில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சும். அதைத் தலையின் மேலேயே சிறுகச் சிறுகத் தூவுங்கள். மணல் ஓசையில்லாமல் விழும். உலோகம் விழும் கணத்தில் காதில் டொக்கென்று கேட்கும்.