வாயு விடும் பேட்டரிக்கு வாசலில்தான் இடம்

கோடைக்காலத்தில் அமெரிக்காவிலோ கனடாவிலோ நெடுஞ்சாலையில் போகிறவர்கள், பிக்கப் லாரிகளின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லப்படும் நீளமான வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். அவைதான் ட்ராவல் டிரெய்லர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. கதவுக்குப் பூட்டும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் திருடனுக்குச் சட்டென்று காசாகக்கூடிய மூன்று பொருட்களும் பூட்டிய கதவுக்கு வெளியேதான் இருக்கும். பேட்டரியும் புரொப்பேன் சிலிண்டர்களும் டிரெய்லரின் முன்பக்கம், 'ஏ' எழுத்து வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல். ஜெனரேட்டர் பக்கத்தில் தரையில்.

இதை வடிவமைத்தவர்களைத் திட்டத் தோன்றும். ஆனால் மூன்றையும் வெளியே தள்ளியது வாயு. ஜெனரேட்டர் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது; மூடிய இடத்தில் ஓட்டினால் உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வழக்கமான ஈய-அமில பேட்டரியோ சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை விடுகிறது.

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பகுதி ஆவியாகிறது. பெரும்பகுதி மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேறுகிறது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் ஆறு அறைகள். ஓர் அறைக்குச் சுமார் 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4 வோல்ட்டைத் தாண்டும்போது இந்தப் பிளவு வேகம் பிடிக்கிறது. பேட்டரி நிறைந்த பிறகும் 1 ஆம்பியர்-மணி அளவுக்கு மின்சாரம் உள்ளே போனால், ஆறு அறைகளிலிருந்தும் சேர்ந்து ஏறத்தாழ 2.5 லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பேட்டரியைச் சுற்றி 10 லிட்டர் காற்று உள்ள பெட்டியென்றால், 4 சதவீதம் என்பது அரை லிட்டருக்கும் குறைவு. கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்று தெரிகிறதல்லவா? அதனால்தான் பேட்டரிப் பெட்டியில் மூச்சுத் துளைகள் இருக்கின்றன, பெட்டியே வெளியில் இருக்கிறது.

திருட வருகிறவனுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிவது எடையும் விலையும்தான். டிரெய்லர்களில் பரவலாக இருக்கும் ஈய-அமில பேட்டரி சுமார் 25 கிலோ வரும், அதில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் மறுபடி மறுபடி உருக்கப்படும் உலோகம். அமெரிக்காவில் பயன்பாடு முடிந்த ஈய-அமில பேட்டரிகளில் ஏறத்தாழ எல்லாமே மறுசுழற்சிக்குத் திரும்பிவிடுகின்றன. சுற்றுச்சூழலுக்கு நல்ல செய்திதான். அதற்காகச் செய்த ஏற்பாடு ஒன்று: புது பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் கூடுதலாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார், பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் திருப்பித் தருவார். ஆகவே செத்துப்போன பேட்டரிக்கும் அந்த ஊரில் ஒரு கைக்காசு மதிப்பு உண்டு. உயிருள்ளது என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, இவ்வளவு மதிப்புள்ள பொருளை எதைக் கொண்டு கட்டி வைத்திருக்கிறார்கள்? பல டிரெய்லர்களில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் நைலான் பட்டையும் மட்டுமே. பட்டையின் வேலை, வண்டி குலுங்கும்போது பேட்டரி துள்ளாமல் பிடித்துக்கொள்வது. அதைப் பாதுகாப்பு என்று நினைப்பது நம்முடைய கற்பனை. ஒரு கத்தி போதும்.

அடுத்த படி இரும்பு. பேட்டரியின் மேல் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் பூட்டு. அல்லது முழுப் பேட்டரியையும் மூடும் இரும்புக் கூடு. இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, தண்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடக் கூடாது. வீட்டு மின்சாரத்தைவிட 12 வோல்ட் சாதுவானது என்று ஓர் எண்ணம் உண்டு. உடம்புக்கு அது சாதுதான். ஆனால் குறுக்குச்சுற்றில் இந்தப் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது, இரும்பையே பழுக்க வைத்துவிடும். முனைகளுக்கு ரப்பர் உறை போட்ட பிறகுதான் தண்டை வைக்க வேண்டும். இரண்டாவது, திருடன் கை நுழையக் கூடாது என்று கூட்டை இண்டு இடுக்கில்லாமல் அடைத்தால், மேலே போட்ட ஹைட்ரஜன் கணக்கு நம் மேலேயே திரும்பும். கூட்டுக்கு மேற்பக்கத் துளை கட்டாயம்.

கூட்டைச் சட்டத்தோடு முடுக்கிய நட்டும் கவனிக்க வேண்டியதுதான். மேலே விலையுயர்ந்த பூட்டு தொங்கும். கீழே குனிந்து சாதாரண ஸ்பேனரால் நட்டைக் கழற்றினால் கூடு, பூட்டு, பேட்டரி எல்லாம் ஒரே மூட்டையாகப் போய்விடும். இதற்கென்றே முறியும் நட்டு என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் அதன் அறுகோணத் தலை தானே ஒடிந்து விழுந்துவிடும், மிச்சமிருக்கும் வழுவழுப்பான கூம்பை ஸ்பேனர் பிடிக்காது.

பூட்டின் வளைவுக்கு, அதாவது மேலே வளைந்திருக்கும் தடித்த கம்பிக்கு வருவோம். அதை வெட்டத் திருடன் கொண்டுவரும் போல்ட் கட்டர் என்பது நெம்புகோலுக்குள் நெம்புகோல். கைப்பிடி நீளம், வாய் குட்டை, நடுவில் இன்னொரு இணைப்பு. கையின் விசை பல பத்து மடங்காகி வாயில் சேர்கிறது. இரும்பை வெட்டத் தேவையான விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. 6 மி.மீ. வளைவுக்குப் பதில் 12 மி.மீ. போட்டால் தடிமன் இரண்டு மடங்கு, வெட்டும் விசையோ நான்கு மடங்கு. தடிமனை விட்டால் அடுத்தது கடினம். கட்டரின் வாயைவிட வளைவு கடினமாக இருந்தால் பல்தான் ஒடியும். ஆனால் எஃகை முழுக்கக் கடினமாக்கினால் அது நொறுங்கும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் துண்டாகும். அதனால் எஃகின் மேற்பரப்பில் மட்டும் கார்பனை ஊறவைத்து, சூடேற்றிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். தோல் கடினமாகவும் உள்ளே இழுத்தாலும் தாங்குகிற சதையாகவும் அமையும்.

இதையெல்லாம், சுழலும் தட்டால் இரும்பை அறுக்கும், பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர் ஒரே அடியில் பழசாக்கிவிட்டது. 125 மி.மீ. தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 70 மீட்டருக்கும் அதிகமாக ஓடும். தட்டில் உள்ள அலுமினியம் ஆக்சைடு மணிகள் எந்த எஃகையும்விடக் கடினமானவை. கிரைண்டருக்கு முன்னால் பூட்டு வாங்கித் தருவது நேரமும் சத்தமும்தான். பக்கத்தில் ஆட்கள் தங்கியிருக்கும் முகாமில் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு உண்டு. ஆளில்லாத நிறுத்துமிடத்தில் அது யார் காதில் விழும்?

வெளியே வைத்தவை போகட்டும். டிரெய்லரின் பக்கவாட்டில் சாமான் வைக்கும் அறைகள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கருவிப்பெட்டி, மடக்கும் சோலார் பலகை எல்லாம் அதில்தான் போகும். அந்தச் சின்னக் கதவுகளின் பூட்டில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. அவை தகட்டுப் பூட்டுகள். சாவி நுழையும் உருளைக்குள் சில தட்டையான தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை, அடியில் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு சுற்ற விடாமல் தடுக்கும். சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கி உருளையின் விளிம்போடு சமமாக்கும், அப்போது சுற்றும். ஐந்து தகடுகள், தகட்டுக்கு நான்கு உயரம் என்று வைத்துக்கொண்டாலே 1,024 வகைச் சாவிகள் சாத்தியம். ஆனால் வட அமெரிக்க டிரெய்லர் தயாரிப்பாளர்கள் பலர் ஆண்டுக்கணக்காகப் போடுவது ஒரே ஒரு வகை: சிஎச்751. சாவியின் மேலேயே அந்த எண் பொறித்திருக்கும். சில டாலருக்குக் கடையில் கிடைக்கும். ஒரு முகாமில் நூறு டிரெய்லர்கள் நின்றால், பக்கத்துக்காரரின் சாவி உங்கள் அறையைத் திறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொழிற்சாலைக்கு இது வசதி, பழுது பார்க்கிறவருக்கும் வசதி. மூன்றாவதாக யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால், டிரெய்லர் வாங்கியவர் முதலில் செலவழிக்க வேண்டியது இங்கேதான். அதே துளையில் பொருந்தும் வேறு சாவி கொண்ட பூட்டுகள் மலிவு; ஒரு ஸ்பேனர் போதும், மாற்றிவிடலாம்.

இனி கணக்கையே மாற்றும் வழி ஒன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மூடிய அமைப்பு கொண்டவை; வழக்கமாகச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடுவதில்லை. ஹைட்ரஜன் இல்லையென்றால் வெளியே வைக்கும் காரணமும் இல்லை. கட்டிலுக்கு அடியிலோ உள்ளறையிலோ வைத்துக் கதவைப் பூட்டிவிடலாம். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 12 கிலோ அளவில்தான் இருக்கும். விலை அதிகம், கைக்கு லேசு; இதை முன்சட்டத்தில் பழைய பிளாஸ்டிக் பெட்டியில் விட்டுவைப்பதுதான் ஆகப்பெரிய அசட்டுத்தனம்.

உள்ளே வைப்பதால் இன்னொரு லாபமும் சேர்கிறது. இந்த வகை பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் கார்பன் அடுக்குகளுக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்பி வராத இழப்பு. வெளியே பனியில் இருப்பதைவிட ஆள் தங்கும் உள்ளறை அதற்கு ஏற்றது. ஆனால் பழைய சார்ஜரின் வோல்ட்டேஜ் இதற்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கம்பியின் நீளம் கூடும், அதற்கேற்ற தடிமனும் வேண்டும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்த பொருளிலிருந்து தீ கிளம்பக் கூடாதே.

திருட்டுப் போன பிறகு கண்டுபிடிக்கலாமே என்று ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, இடம் காட்டும் வில்லைகளை ஒளித்து வைக்கிறவர்கள் நிறைய. 2021இல் வந்த இந்த வில்லைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அது புளூடூத்தில் அவ்வப்போது மாறும் ஓர் அடையாளத்தை ஒலிபரப்புகிறது, அவ்வளவுதான். அருகில் போகும் யாருடைய ஐபோனோ அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தை மறைகுறியாக்கி அனுப்புகிறது. உரிமையாளரும் அவர் பகிர்ந்துகொண்டவர்களும் மட்டுமே அதைத் திறந்து படிக்க முடியும். ஆகவே ஆள் நடமாட்டமில்லாத நிறுத்துமிடத்தில் வில்லை ஊமை. திருடன் ஊருக்குள் கொண்டுபோனால் பேச ஆரம்பிக்கும். அதை இரும்புக் கூட்டுக்குள் போட்டு மூடுவதில் அர்த்தமில்லை. புளூடூத் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; நாலாபுறமும் இரும்பும் சின்னத் துளைகளும் மட்டும் இருந்தால் அலை பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் வைப்பது தேவலை. இன்னொரு சிக்கல், பிறரை வேவு பார்க்க இதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, தெரியாத வில்லை கூடவே பயணம் செய்தால் அந்த ஆளின் போனே எச்சரிக்கும். திருடனின் போனும் எச்சரிக்கும். அவனுடைய உரிமையும் காப்பாற்றப்படுகிறது!

ஜிபிஎஸ் கருவி தன் இடத்தைத் தானே கணக்கிட்டு செல்பேசி வலையில் அனுப்பும். ஆனால் அதற்கு மின்சாரம் டிரெய்லர் பேட்டரியிலிருந்து வந்தால், திருடன் கம்பியை வெட்டியதும் காவலாளியும் தூங்கிவிடுவான். உள்ளேயே சொந்த பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

குளிர்காலத்தில் மாதக்கணக்காக வண்டி நிற்கும்போது இத்தனை வித்தையும் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் மிகப் பழைய, மிக நல்ல வழி. ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மாதம் சில சதவீதம் சார்ஜ் இழக்கும். சார்ஜ் குறையக் குறைய அமிலம் நீர்த்துப்போகும். நிறைந்த பேட்டரி கனடாவின் பனியைத் தாங்கும். காலியான பேட்டரி உறைந்து வெடிப்பு விடும்.

பேட்டரி களவு போவதில் காசைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஓடும்போது டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால், இழுக்கும் வண்டியோடு கட்டிய மெல்லிய கம்பி ஒரு முளையைப் பிடுங்கும். உடனே டிரெய்லரின் பேட்டரி நேராக பிரேக் காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும். காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு, பிரேக் கட்டைகளை அகட்டும், சக்கரம் நிற்கும். காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர், இரண்டு அச்சு டிரெய்லருக்கு நான்கு காந்தம். கால் மணி நேரமாவது பிரேக் பிடித்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் உள்ள அளவு. அதற்கு 3 ஆம்பியர்-மணி போதும், பாதி செத்த பேட்டரியும் தரும். ஆனால் பேட்டரியே இல்லையென்றால்? சாதாரண ஓட்டத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. விளக்குகளுக்கும் பிரேக்குக்கும் முன்வண்டியிலிருந்தே மின்சாரம் வந்துவிடும். முன்காலைத் தூக்கும் ஜாக் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் புறப்படும் முன்பே தெரிந்துவிடும். கையால் சுற்றும் ஜாக் என்றால் வெறும் பெட்டியோடு நெடுஞ்சாலைக்கே போய்விடலாம்.

ஆகவே நிறுத்துமிடத்திலிருந்து எடுக்கும்போது பெட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த அவசர பிரேக்கையும் சோதித்துவிடுங்கள். சோதனை முடியும்வரை மட்டும், முன்வண்டிக்குப் போகும் ஏழு முனை மின்இணைப்பைக் கழற்றிவையுங்கள். இல்லையென்றால் முன்வண்டியின் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகலாம். அப்புறம் முளையைப் பிடுங்கி, வண்டியை மெல்ல முன்னே நகர்த்துங்கள். டிரெய்லர் சக்கரங்கள் உருளாமல் இழுபட்டால் பிரேக் சரி. முளையை உடனே திரும்பச் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் காந்தங்கள் சூடேறிக்கொண்டே இருக்கும். கழற்றிய மின்இணைப்பையும் மறக்காமல் மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.