இன்ஃபரன்ஸ்: அறிவனவா, அனுமானமா, எச்சமா?

பிளஸ் டூ வேதியியல் ரெக்கார்டில் உப்புப் பகுப்பாய்வுக்கு மூன்று பத்திகள் உண்டு: சோதனை, உற்றுநோக்கல், அறிவன. இந்த ‘அறிவன’தான் இன்ஃபரன்ஸ். நான் சேலத்தில் படித்த காலத்தில், சோதனைக்குழாயைத் தொடும் முன்பே மூன்று பத்தியும் சீனியர் அண்ணன்களின் நோட்டைப் பார்த்து நிரம்பிவிடும். ‘வெண்ணிற வீழ்படிவு’ என்று எழுதிய பிறகுதான் வீழ்படிவையே பார்ப்போம். அதனாலோ என்னவோ, ‘அறிவன’ என்றால் மனப்பாடம் செய்ய வேண்டியவை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

இன்ஃபரன்ஸ் லத்தீன் வழி வந்த சொல். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து வருதல். (அரசு ஊழியர்கள் அஞ்சும் டிரான்ஸ்ஃபருக்கும் வேர் இதுதான்.) கண்டதிலிருந்து காணாத ஒன்றுக்கு அறிவைச் சுமந்து செல்வது என்று கொள்ளலாம். தமிழில் ‘உய்த்துணர்தல்’ என்பதும் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான். உய்த்தல் என்றால் செலுத்துதல், கொண்டுபோதல். பொதுவான நிகர்ச்சொல்லாக இதையே வைத்துக்கொள்ளலாம். ‘அனுமானம்’ தர்க்க நூல்களில் கறாரான சொல்லாக இருந்தது. இன்றைக்கு ‘ஒரு அனுமானத்துல சொன்னேன்’ என்றால் குத்துமதிப்பு என்றுதான் பொருள்.

ஆனால் அறிவியலில் ஒரு தனி வகை உண்டு: இப்போது இருப்பதைப் பார்த்து, முன்பு நடந்ததைச் சொல்வது. நிலவியல், பரிணாமம், வானியல் எல்லாம் பெரிதும் இதை நம்பியே நடக்கின்றன. நடந்து முடிந்த மலையைச் சோதனைக்குழாயில் திரும்ப நடத்திக்காட்ட முடியாதே. இதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி, அதாவது அறியும் வழிகளை அளந்து சொல்லும் தர்க்கவாதி, காண்டல் (நேரே பார்த்தறிவது), கருதல் (உய்த்துணர்வது) என்று அவ்வழிகளை அடுக்குகிறான். கருதலை மூன்றாகப் பிரிக்கிறான்: பொது, எச்சம், முதல். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டவுனில் ஒரு சொட்டு இருக்காது. திருமணிமுத்தாற்றில் செந்நீர் ஏறும். பாலத்தில் நிற்பவர் மலைப்பக்கம் திரும்பி, ‘ஏற்காட்டுல நல்ல மழைபோல’ என்பார்.

கற்களிலும் இதைப் படிக்கலாம். ஏற்காட்டுக்குப் போகும் வழியில், மலைக்கு இந்தப் புறம், வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் நிறத்தைப் பார்த்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். காண்டல் சரி, கருதல் தப்பு. சாக் கால்சியம் கார்பனேட். இது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மேக்னசைட் கட்டி குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய சும்மா கிடக்கும். பொடித்துச் சூடாக்கினால்தான் குமிழி விடும். அந்தக் கல்லையே கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: கரும்பாறைக்குள் வலைபோல வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றனவே, எது முந்தியது? வெட்டுப்பட்டது முந்தியது, வெட்டிக்கொண்டு போவது பிந்தியது. எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். வயதைத்தான் நாம் சொல்லித்தர வேண்டும். சேர்வராயன் மலையுச்சி பாக்சைட்டோ தானே ஓர் எச்சம்: காலங்காலமாக மழை பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, மிஞ்சிய அலுமினியச் சேர்மம்.

‘எச்சம் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்களே, காக்கா எச்சம் என்று?’ சிரிக்கட்டும். மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், விதை எப்படி அங்கே ஏறியது என்பதற்கு அந்தக் காக்கை எச்சம்தான் விடை. மிச்சம், வழித்தோன்றல், முடியாமல் நிற்கும் வினை என எல்லாப் பொருளிலும் எச்சம் என்பது விட்டுச்செல்லப்பட்ட ஒன்று. ‘தொல்லுயிர் எச்சம்’ என்று ஃபாசிலுக்குப் பாடநூலில் ஏற்கெனவே எழுதுகிறோம். பொருளுக்கு வழங்கும் சொல் முறைக்கும் வழங்கினால் குடிமூழ்கிவிடாது.

போன ஐப்பசியில் அக்கா மகனை ஆற்றுப்பாலத்துக்குக் கூட்டிப்போய், நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னேன். தண்ணீர் செம்பழுப்பு என்று உற்றுநோக்கலில் எழுதினான். மூன்றாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“மாமா, சாயப்பட்டறைத் தண்ணியா இருந்தா?”

அளவைவாதி சேலத்தில் குடியிருந்ததில்லை. வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று இருவரும் கைப்பிடிச்சுவரில் சாய்ந்தபடி யோசித்தோம். மட்டம் ஏறுகிறதா, மலைச்சருகு மிதந்து வருகிறதா, நாற்றம் எப்படி, கரையில் சேறு படிகிறதா சாயம் படிகிறதா. உற்றுநோக்கலுக்குக் கீழே இன்னும் நான்கு வரி ஏறியது. ‘எச்சம்’ பத்தியில் பென்சிலால் ‘மழை?’ என்று எழுதிக்கொண்டு, “வீட்டுக்குப் போயி ஏற்காடு சித்திக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமா?” என்றான்.