இடம் மாறுவது எலெக்ட்ரான்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் மேல்வகுப்புப் பிள்ளைகளோடு வேதியியல் படிக்க உட்காரும்போது, நான் முதலில் செய்துகாட்டுவது ஒரே ஒரு சோதனையைத்தான். மயில்துத்தம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காப்பர் சல்பேட்டைக் கண்ணாடிக் குவளையில் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணி ஒன்றை நூலில் கட்டி அதில் தொங்கவிடுவேன். சில நிமிடங்களில் ஆணியின்மேல் செம்பழுப்பு படியத் தொடங்கும். மறுநாள் பார்த்தால் கரைசலின் நீலம் வெளுத்திருக்கும். ஆணியை விரலால் தேய்த்தால் செம்பு ஈரப்பொடியாகக் கையில் ஒட்டும்.

இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர். வலிமையான இரும்பு, வலிமை குறைந்த செம்பைத் தள்ளிவிட்டு அதன் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். மனப்பாடத்துக்கு அந்தச் சித்திரம் உதவலாம், ஆனால் அது விளக்கம் ஆகாது. கரைசலில் செம்பு சல்பேட்டோடு பிணைந்து நிற்பதில்லை. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த அயனியாக, நீர் மூலக்கூறுகள் சூழத் திரிகிறது, அந்த நீலமும் அதனால் வருவதுதான். ஆணியிலுள்ள இரும்பு அணு ஒன்று இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து அயனியாகிக் கரைய, அவற்றைப் பெற்ற செம்பு அயனி உலோகமாகிப் படிகிறது. சல்பேட் தொடக்கம் முதல் முடிவு வரை எதிலும் பங்கெடுப்பதில்லை. 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு படியும் என்பதால், படிந்த செம்பு உதிராமல் இருந்தால், ஆணி கரையக் கரைய அதன் எடை கூடும். இதைத் தராசில் வைத்துக் காட்டும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இங்கு மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வின் வேதியியல் தாளோடு கொடுக்கப்படும் மின்னழுத்த அட்டவணை சொல்வதும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34, வெள்ளிக்கு +0.80. எண் குறைந்த உலோகம், எண் கூடியதன் அயனிக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கும். ஆகவே செம்புக் கம்பியை இரும்பு சல்பேட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது; வெள்ளி நைட்ரேட்டில் போட்டால் கம்பியெங்கும் வெள்ளி ஊசிகள் முளைக்கும். அலுமினியம் மட்டும் ஏமாற்றும்: −1.66 வோல்ட் இருந்தும் மயில்துத்தக் கரைசலில் அது வெகுநேரம் சும்மா கிடக்கும், ஏனெனில் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் மூடியிருக்கிறது. ஒரு சிட்டிகை சமையல் உப்பைச் சேர்த்தால் குளோரைடு அந்தப் படலத்தைக் குலைக்க, குவளை சூடேறுவது கையில் தெரியும்.

இந்த நாட்டுப் பொன்னின் கதையிலும் இந்த வினைக்குப் பெரிய இடம் உண்டு. 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே சுரங்கங்கள் ஆழமாகி, கந்தகம் கலந்த தாது வரவே, பாதரசத்தால் பொன்னைச் சரிவரப் பிடிக்க முடியவில்லை. கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை 1890-இல் இங்கு வந்தது. அரைத்த தாதிலுள்ள பொன், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு சயனைடு கரைசலில் கரைகிறது. அந்தக் கரைசலைத் துத்தநாகச் சீவல்களின் வழியே செலுத்தினால், துத்தநாகம் எலெக்ட்ரானைக் கொடுத்துத் தான் கரைய, பொன் கரும்பொடியாகப் படிகிறது. ஒரு துத்தநாக அணு இரண்டு பொன் அணுக்களை விடுவிக்கும்; கணக்குப்படி 65.4 கிராம் துத்தநாகத்துக்கு 394 கிராம் பொன்.

நடைமுறையில் துத்தநாகம் அதைவிட மிக அதிகமாகச் செலவாகும். பொன்னைக் கரைக்க உதவிய அதே ஆக்சிஜன் கரைசலில் தங்கியிருந்து, பொன்னுக்குப் போகவேண்டிய எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் பின்னர் வந்த மெரில்–குரோவ் முறையில், கரைசலில் கரைந்திருக்கும் காற்றை வெற்றிடத்தால் உறிஞ்சி எடுத்த பிறகே துத்தநாகத் தூளைச் சேர்க்கிறார்கள்.