மரப் பீரங்கிக்குள் வெடி வைக்காதீர்கள்

மேடைக்குப் பீரங்கி கேட்டு வருகிறவர்கள் நீளம், நிறம், வாடகை எல்லாம் பேசி முடித்து, கிளம்பும் நேரத்தில் ஒன்று கேட்பார்கள். "அண்ணே, உள்ளே ஒரே ஒரு அணுகுண்டு வச்சா தாங்குமா? சத்தம் மட்டும் வந்தா போதும்." கடலூரில் பள்ளி ஆண்டு விழாக்காரர்களும் கேட்கிறார்கள், புதுச்சேரி ரிசார்ட்டுகளில் கடற்கொள்ளையர் வேடம் கட்டும் குழுவினரும் கேட்கிறார்கள். கடைசியாகப் பழுதுபார்க்க வந்த குழலில் வாயிலிருந்து நடு வரை நீளவாக்கில் பிளவு. உள்ளே கரி. ஒரு விரல் அகலத்துக்கு, முழங்கை நீளத்துக்கு ஒரு சிராயைக் காணவே இல்லை. அது பறந்த திசையில் ஆள் நிற்காததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனியும் வாயால் சொல்லிப் பயனில்லை என்றுதான் எழுதுகிறேன்.

தாங்காது. ஒன்றும் தாங்காது, பாதியும் தாங்காது.

"குண்டு போடலையே, வெறும் சத்தம்தானே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். குண்டைத் தள்ளுவது எது? மருந்து எரிந்து கிளம்பும் காற்று. குண்டு இல்லாவிட்டாலும் அந்தக் காற்று இருக்கிறது. குழலின் சுவரைத்தான் முதலில் அறைகிறது. விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும், மரத்தைக் குறுக்கே வெட்டுவது பாடு, நார் ஓடும் வழியில் பிளப்பது சுலபம். பீரங்கிக் குழலில் நார் ஓடுவது நீளவாக்கில்தான். நீளமான பலகைப் பட்டிகளை வட்டமாக ஒட்டிச் செய்த குழல் என்றால் பசைக்கோடுகளும் நீளவாக்கில்தான். பன்னிரண்டு பட்டி என்றால் பிளப்பதற்கு வாகாகப் பன்னிரண்டு கோடுகளை நாமே போட்டுக்கொடுத்திருக்கிறோம். பறந்து வரும் மரச்சிராய் உடம்பில் ஏறினால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. புண் ஆறியது போல மேலே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். கண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, "உள்ளே இரும்புக் குழாய் செருகிட்டா?" இது இன்னும் மோசம். தண்ணீர்க் குழாய் தண்ணீருக்குச் செய்தது. ஒரு பக்கம் மூடியை முறுக்கி, உள்ளே மருந்தைக் கெட்டித்தால் அதற்குப் பெயர் பீரங்கி இல்லை, வெடிகுண்டு. பிவிசி குழாய் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத் தெறிக்கும். தண்ணீர் பட்டால் எரியும் வாயு கக்கும் கார்பைடு கல் பக்கமும் போக வேண்டாம். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கியால் எத்தனை பிள்ளைகளின் கண் போயிற்று என்பது செய்தியில் வந்ததுதான். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் வேறு விதமாக மடக்குவார்கள்: அந்தக் காலத்தில் மரத்திலேயே பீரங்கி செய்து சுட்டார்களே! சுட்டார்கள், உண்மைதான். வேறு வழியில்லாதவர்கள் மரத்தைக் குடைந்து இரும்பு வளையம் பூட்டிச் சுட்டார்கள். சில வெடிகளிலேயே பல பிளந்துபோயின. மரத்தை விடுங்கள், உலோகமே பிளந்திருக்கிறது. 1460இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தன் படையின் பீரங்கி வெடித்துத்தான் செத்தார். 1844இல் அமெரிக்கப் போர்க்கப்பல் பிரின்ஸ்டனில், விருந்தினருக்குச் சுட்டுக் காட்டும்போது பெரிய பீரங்கி வெடித்து இரண்டு அமைச்சர்கள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். ஆறு பவுண்டு குண்டு போடும் சின்னக் கப்பல் பீரங்கியே ஏறத்தாழ முக்கால் டன் இரும்பு. நாம் செய்வது மொத்தம் பத்து கிலோ மரம்.

பீரங்கி எங்கள் கடலூருக்குப் புதிதில்லை. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அந்தக் குண்டு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மரப் பீரங்கிக்கு வேறு வேலை இருந்தது. ஆயுதம் போதாத வணிகக் கப்பல்கள் கடற்கொள்ளையரை ஏய்க்க மரக்குழலுக்குக் கறுப்பு அடித்து வரிசையாக நிறுத்தின. பார்ப்பதற்கென்றே பிறந்த பொருள் அது. பார்வைக்கு எவ்வளவு அசலாக வேண்டுமானாலும் செய்யலாம், அதற்குத்தான் உழைப்பைக் கொட்ட வேண்டும்.

மேடைக்கு நாலடிக் குழல் போதும். பின்பக்கம் 8 இன்ச் குறுக்களவு, கழுத்தில் 5 இன்ச், வாய் விளிம்பு 6½. முழு மரத்தைக் கடைசல் போடாதீர்கள். புயலில் சாய்ந்த பலாவும் முந்திரியும் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை மரத்தைக் கடைந்தால், காயக் காய நடுத்தண்டிலிருந்து வெடிப்பு கிளம்பி ஒரே கோடையில் வாய் பிளந்துவிடும். எடையும் பதினாறு கிலோவைத் தொடும். நன்றாகக் காய்ந்த பலாவில் ஒரு இன்ச் கனத்தில் பன்னிரண்டு பட்டி அறுத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை 2⅛ இன்ச், மறுமுனை 1⅜. விளிம்பு இரண்டையும் 15 டிகிரி சாய்த்து இழைக்க வேண்டும். உள்ளே நாலு இடத்தில் 18 மி.மீ. பிளைவுட் வட்டுகள், பின்னால் 6 இன்ச்சில் தொடங்கி முன்னால் 3 இன்ச்சில் முடியும்படி. அவற்றின் மேல் பட்டிகளை அடுக்கி, தண்ணீர் தாங்கும் பசை போட்டுக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டு, பிறகு உருட்டி இழைத்தால் எட்டு கிலோவில் நிற்கும். சாதா வெள்ளைப் பசை ஐப்பசி மழையில் ஊறிப் பிரியும். குழலைச் சுற்றி வரும் மேடான வளையங்களுக்குத் தகரப்பட்டை வேண்டாம், கையைக் கிழிக்கும். பருத்திக் கயிற்றைப் பசையில் நனைத்துச் சுற்றி, பெயின்டர் பூசும் பட்டிமாவு வைத்துத் தேய்த்து, மங்கல் கறுப்பு அடித்தால் மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் வார்ப்பிரும்புதான்.

இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, வண்டியில் உட்காரும் உருளைகள், அவற்றை வெளியே ஒட்டாதீர்கள். தூக்குகிறவர்கள் எல்லோரும் முதலில் பிடிப்பது அதைத்தான், கையோடு வந்துவிடும். 2½ இன்ச் கருவேல உருளை ஒன்றை இந்தப் பக்கம் செருகி அந்தப் பக்கம் வரும்படி ஊடே விடுங்கள். அசல் பீரங்கிகளில் இது நீளத்தை ஏழு பங்காக்கி, பின்னாலிருந்து மூன்றாம் பங்கில் இருக்கும். நாலடிக் குழலில் 20½ இன்ச். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அசலில் இரும்பு முழுக்கப் பின்பக்கம் திரண்டிருப்பதால் பின்பாரம் இயல்பாக வரும். நம் குழல் உள்ளே வெற்று, ஆகவே வாய்ப்பக்கம் கனக்கும். ஒரு பிள்ளை வாயில் கை ஊன்றியதும் மூக்கு சடாரென்று கீழே இறங்கும், குழலுக்கும் வண்டியின் குறுக்குப் பலகைக்கும் நடுவில் இன்னொரு பிள்ளையின் விரல் இருக்கும். பின்கோடியில் ஆறு இன்ச் நீளத்துக்குக் கருவேலக் கட்டையை உள்ளே அடைத்துவிட்டால் இரண்டு கிலோ சொச்சம் பின்னால் சேர்ந்து, குழல் அதன் பின்னடியில் வைக்கும் ஆப்பின் மேல் அடங்கி உட்காரும். காதுகளின் மேல் வளைத்த இரும்புப் பட்டையைத் திருகாணியில் பூட்டாமல் மேடையேற்ற வேண்டாம்.

வண்டியைப் பற்றி ஒன்றுதான். ஆரக்கால் வைத்த பெரிய சக்கரம் தரைப்படைப் பீரங்கிக்கு. கப்பல் வண்டிக்கு நாலு குட்டிக் கட்டைச் சக்கரம். தளம் ஓரமாகச் சரிவதால் முன்சக்கரம் சற்றுப் பெரியது. நமக்கு முன்னே 8, பின்னே 7 இன்ச். அடிமரத்தை வட்டமாக அறுத்துச் சக்கரம் என்று மாட்டுகிறார்கள், காய்ந்ததும் அது ஆரவாக்கில் பிளக்கும். 18 மி.மீ. பிளைவுட் மூன்றை மாற்றி மாற்றி ஒட்டி வெட்டுங்கள். அச்சில் கடையாணி கட்டாயம். ஆணியெல்லாம் துருப்பிடிக்காத எஃகு, கடற்காற்றில் இரும்பாணி இரண்டே வருஷத்தில் இற்றுப்போகும்.

இப்போது சத்தம். ஸ்பீக்கரில் வரட்டும். கறுப்புத் துணி போர்த்தி வண்டிக்குப் பின்னால் வைத்தால், பார்க்கிறவர்களுக்குக் குழலிலிருந்தே வந்த மாதிரி இருக்கும். புகைக்கு ஃபாக் மெஷின், அதிலிருந்து ஒரு ஹோஸ் வண்டிக்கு அடியிலிருந்து முன்பக்கம் வந்து குழல்வாயின் கீழ் விளிம்பில் முடியட்டும். வெளிச்சத்துக்கு வாயோரம் ஒரு எல்இடி. பின்னே துள்ளுவதற்கு மறைவில் ஒருவர் கயிற்றைச் சடாரென்று இழுக்கட்டும். ஒன்றரை அடிக்கு மேல் ஓடாதபடி எதிர்க்கயிறு கட்டி, அந்த இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். திரி பற்றவைக்கும் கோலின் நுனியில் சிவப்பு எல்இடி போதும். பஞ்சுத் தாடியும் நைலான் கோட்டும் போட்டவர் கையில் உண்மைத் தீயைக் கொடுக்காதீர்கள்.

புகைக்குப் பதில் மைதா, அரிசி மாவு, ஹோலிப் பொடி ஊதுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். காற்றில் பரவிய மாவு தீப்பொறி கண்டால் மருந்து மாதிரியே பற்றும். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப்பூங்காக் கொண்டாட்டத்தில் தூவிய வண்ண மாவு தீப்பிடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள், நானூறுக்கும் மேல் காயம். மேடையில் சூடான விளக்கும் தளர்ந்த வயரும் எப்போதும் இருக்கும்.

ஆசாரிமார்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிப்போனவர் என்ன செய்வாரோ என்று விட்டுவிடாதீர்கள், வெடி வைக்கவே முடியாதபடி செய்து கொடுங்கள். வாயிலிருந்து ஆறு இன்ச் உள்ளே ஒரு பிளைவுட் வட்டை ஒட்டி, நாலு திருகாணி போட்டுக் கறுப்படித்துவிட்டால் பார்வைக்கு ஆழமான துளைதான். திரித்துளையைக் கால் இன்ச் குழியோடு நிறுத்துங்கள், ஊடே துளைக்காதீர்கள். வண்டியின் அடியில் சிவப்புப் பெயின்டில் 'மரம், வெடி வைக்கக் கூடாது' என்று எழுதுங்கள். வாடகைக்குப் போய்த் திரும்பி வந்ததும் முதலில் கையை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு உள்ளே போகும் முன்பே விரல் வட்டில் இடிக்க வேண்டும். முட்டியால் நாலு தட்டு தட்டுங்கள். வட்டு ஆடினால், யாரோ அதைப் பெயர்க்கப் பார்த்திருக்கிறார்கள். மறுபடி திருகாணி போடும் வரை அந்தப் பீரங்கி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது.